‘எல்லாம் உன் மனசுலதான் இருக்கு’ என்கிறார் என் வீட்டுக்காரர்

அன்புள்ள மேடம்,

எனக்கு 38 வயது. நர்ஸாக வேலை பார்த்தவள். பிறந்தது மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். இப்போது திருநகரில் வாடகைக்கு இருக்கிறோம். என் பெயர், ஊர்ப் பெயர் எதுவும் போட வேண்டாம்.

என் வீட்டுக்காரர் மறுபடியும் இங்கிலாந்துக்குப் போகலாம் என்கிறார். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அங்கே நான் பட்டதைச் சொல்கிறேன். “நானும் அதே ஊர்லதான இருந்தேன்? எனக்கு ஒண்ணும் நடக்கலையே. எல்லாம் உன் மனசுலதான் இருக்கு” என்கிறார். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

முன்கதையைச் சொன்னால்தான் புரியும். எங்களுடையது காதல் கல்யாணம். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் வார்டில் இருந்தேன், அவர் பில்லிங்கில். அவருக்குத் திருமங்கலம் பக்கம். நான் பட்டியல் சாதி, அவர் வேறு. இதற்கு மேல் விளக்க வேண்டாம், நீங்களும் மதுரைக்காரர்தானே. ஊரில் இருக்க முடியாது என்று ஆனதும் டெல்லிக்குப் போனோம். அங்கே நாங்கள் இருவருமே மதராசி. நர்ஸ் என்றால் மலையாளி என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்வார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் என்ன சமைப்பீர்கள், எவ்வளவு வாசம் வரும் என்று விசாரணை. என் நிறத்தைச் சொல்லி ‘காலி’ (கறுப்பி) என்று முதுகுக்குப் பின்னால் பேசியதும் உண்டு. இந்தி புரியாத வரைக்கும் நிம்மதியாக இருந்தேன்.

2018-ல் இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, ஓஸ்கி செய்முறைத் தேர்வு எல்லாம் முடித்து, வடக்கே ஒரு ஊரில் என்எச்எஸ் என்கிற அரசு மருத்துவ சேவையின் ஆஸ்பத்திரியில், முதியோர் வார்டில் சேர்ந்தேன். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். முதல் வருடம் அங்கே அவ்வளவு நிம்மதி எனக்கு. யாரும் என்னை ‘இவ எந்த ஆளு’ என்று பார்க்கவில்லை. வெள்ளைக்காரர் கண்ணுக்கு நானும் என் வீட்டுக்காரரும் ஒரே நிறம், ஒரே நாடு, அவ்வளவுதான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என் மாமியார் வந்திருந்தார். இங்கே என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர், அங்கே நான் வைத்த மீன் குழம்பை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பார்க்க ஆள் இல்லை அல்லவா!

அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. நைட் ஷிப்டில் மறதி நோய் உள்ள பெரியவர் ஒருவர். ஈரத்துணியை மாற்றப் போனால் கையைத் தட்டிவிட்டு, அந்தக் கையால் என்னைத் தொடாதே, வேறு ஆளைக் கூப்பிடு என்று கத்தினார். நிறத்தையும் சேர்த்துச் சொன்னார். வெள்ளைக்கார உதவியாளர் வந்ததும் குழந்தை மாதிரி அடங்கிவிட்டார். இன்சார்ஜ் நர்ஸ், “அவருக்கு நோய், நீ மனசில வச்சுக்காத” என்று சொல்லி எனக்கு வேறு கட்டில்களை ஒதுக்கினார். நல்ல பெண்மணிதான். ஆனால் அன்று பூராவும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் என்னைச் சுத்தம் செய்ய வந்தவள் என்று நினைத்துத் தரையில் கொட்டியதைக் காட்டுவார்கள். பேண்ட் 6 என்கிற அடுத்த நிலைப் பதவிக்கு நேர்முகம் போனேன். எனக்குப் பின்னால் வந்து, என்னிடமே வேலை பழகிய பெண்களுக்குக் கிடைத்தது. கேட்டதற்கு, பேச்சுத்திறன் இன்னும் வளர வேண்டும் என்றார்கள். ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் தெரியவில்லை.

2024 ஆகஸ்டில் கலவரம் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சவுத்போர்ட்டில் நடன வகுப்பில் மூன்று சிறுமிகளை ஒருவன் குத்திக் கொன்றான். அவன் படகில் வந்த அகதி என்று பொய்ச் செய்தி பரவியது. அவன் பிரிட்டனிலேயே பிறந்தவன். அதற்குள் ஊர் ஊராக அடிதடி. சண்டர்லாந்தில் டூட்டிக்குப் போன பிலிப்பைன்ஸ் நர்சுகள் மேல் கல் விழுந்தது. அந்த வாரம் சீருடையை மறைத்துக் கோட் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, என் பிள்ளைக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தவர், எனக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று, “அவங்க உன்னைச் சொல்லலைம்மா, நீ நல்லவ” என்றார். அன்றிலிருந்து அந்த ஸ்வெட்டரைப் பிள்ளைக்குப் போட்டுவிட மனசு வரவில்லை.

இந்த நேரத்தில் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. அந்த வருடக் கடைசியில் ஊருக்கு வந்துவிட்டோம். அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கியிருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் அது போய்விடும். அந்தக் கெடு இந்த வருடக் கடைசியோடு முடிகிறது. அதனால்தான் அவருக்கு அவசரம்.

அவர் அங்கே முதலில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார், கூட இருந்தவர்கள் பாதிப் பேர் குஜராத்திகள். பிறகு வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை. கலவரம் நடந்த வாரத்தில்கூட, ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரர்கள் இனவாதம் வேண்டாம் என்று தெருவுக்கு வந்ததைத்தான் எனக்குக் காட்டினார். அதுவும் உண்மைதான். போன மாதம் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். முகத்தில் பொய்த் தழும்பு வரைந்துவிட்டு, அந்த ஆளுக்குத் தெரியாமலே அழித்துவிட்டு அனுப்புகிறார்கள். அவர்களும் போய்விட்டு வந்து, ‘எல்லாரும் என் தழும்பையே பார்த்தாங்க’ என்கிறார்கள். “இதுதான் நீ” என்று கீழே எழுதியிருந்தார். “நம்ம ஊர்ல இல்லாததா?” என்றும் கேட்கிறார். நம்ம ஊரில் இருப்பதை அவர் எந்தக் காலத்தில் பட்டார் மேடம்?

இங்கேயும் எனக்கு நிம்மதி இல்லை. மாமியார் வீட்டில் மறுபடியும் எனக்குத் தனி டம்ளர். கடையில் மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தால் நெஞ்சு படபடக்கிறது. அங்கே தமிழர்கள் கூடுகிற பொங்கல் விழாவில் ஒருவர், “மதுரையா, எந்தப் பக்கம்? மேலூரா, மேலூர்ல யாரு?” என்று கேட்டுக்கொண்டே வந்தபோது வயிற்றில் ஒன்று இறுகியது. வார்டில் இறுகியதும் அதே இடத்தில்தான்.

என் மகளுக்கு 10 வயது. அங்கே பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் உன் தோல் மலம் மாதிரி இருக்கிறது என்று சொன்னதற்குக் குளியலறையில் கையைத் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்தாள். இங்கே வந்தால் காதுகுத்து வீட்டில், “அத்தனை வருசம் குளிர்ல இருந்தும் வெளுக்கலையே” என்கிறார்கள். பள்ளியில் அவள் தமிழைக் கேட்டுவிட்டு ‘வெள்ளைக்காரி’ என்று கேலி. “சாதாரணமா இருக்கணும்னா நாம எந்த ஊருக்கும்மா போகணும்?” என்று கேட்கிறாள்.

இரவு இரண்டு மணி வரை தூக்கம் இல்லை. பழைய பேச்சையெல்லாம் மனசு ஓட்டிக்கொண்டே இருக்கிறது. எனக்கு வியாதியா? நடந்ததெல்லாம் நடந்ததா? திரும்பிப் போகலாமா, கூடாதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை



அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மனசு கோணல் இல்லை. தூக்கம் கெட்டிருக்கிறது, பழையது திரும்பத் திரும்ப ஓடுகிறது. அதற்கு வழி உண்டு, பின்னால் சொல்கிறேன். அதை வைத்துக்கொண்டு, நீங்கள் பார்த்ததெல்லாம் பொய் என்று யாரும் முடிவு கட்ட முடியாது. தூங்காதவர்களுக்கும் கண் தெரியும்.

அந்தப் பெரியவரிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் குழப்பம் முழுக்க அந்த ஒரு இரவில் இருக்கிறது. முதியோர் வார்டில் வேலை பார்த்த உங்களுக்கு நான் மறதி நோயைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூளையின் முன்பகுதி பழுதாகும்போது, வாய்க்கு வந்ததைச் சொல்லலாமா கூடாதா என்று தடுத்து நிறுத்துகிற வேலை நின்றுபோகிறது. அவரிடம் அதற்குக் கணக்குக் கேட்க முடியாது. ஆனால் நிறத்தைச் சொல்லி விரட்ட வேண்டும் என்பதை அவருக்கு நோய் கற்றுக்கொடுக்கவில்லை. எப்போதோ உள்ளே போனது வெளியே வந்தது. அவர் நோயாளி என்பதும், உங்கள்மேல் அடி விழுந்தது என்பதும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம். இன்சார்ஜ் நர்ஸ் நோயாளியைக் கவனித்தார், கட்டிலை மாற்றினார். உங்களை உட்காரவைத்து என்ன நடந்தது என்று கேட்கவில்லை, எழுதி வைக்கவும் இல்லை. ‘மனசில வச்சுக்காத’ என்று சொல்லி அதை உங்கள் மனசுக்குள்ளேயே தள்ளிவிட்டார். அன்பாகத்தான் செய்தார். இருந்தாலும் அதுதான் நடந்தது.

நீங்கள் வேலை பார்த்த நாட்டிலேயே இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1993 ஏப்ரலில் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர், பஸ்ஸுக்கு நின்றபோது வெள்ளை இளைஞர்கள் கூட்டத்தால் குத்திக் கொல்லப்பட்டார். போலீஸ் அந்த வழக்கைக் கோட்டை விட்டது. ஏன் என்று விசாரித்த சர் வில்லியம் மெக்பர்சன் 1999-ல் கொடுத்த அறிக்கையில் ஒரு பரிந்துரை இருந்தது: பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ ஒரு சம்பவத்தை இனவாதம் என்று கருதினால், அதை இனவாதச் சம்பவம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியென்றால் யார் என்ன சொன்னாலும் உண்மையா என்று அங்கேயும் கேட்டார்கள். பதிவது முதல் வேலை, விசாரிப்பது அடுத்தது, தீர்ப்பு அதற்கும் அப்புறம். உங்கள் வீட்டில் நடப்பது வேறு. எஃப்ஐஆர் போடாமலே கேஸை முடித்துவைக்கிறார் உங்கள் வீட்டுக்காரர். நீங்கள் பதிலுக்கு, ஒவ்வொரு சம்பவத்தையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தால்தான் வாயைத் திறக்கலாம் என்று உங்களையே கூண்டில் ஏற்றுகிறீர்கள். இருவரும் முதல் வேலையைத் தாண்டிக் கடைசி வேலைக்குப் போய்விட்டீர்கள்.

தனித்தனிச் சம்பவமாக எடுத்தால் பெரும்பாலும் முடிவே தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேண்ட் 6 விஷயத்தையே பாருங்கள். அந்த நேர்முக அறைக்குள் உட்கார்ந்திருந்தவர்களின் மனசில் என்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் இங்கிலாந்தின் என்எச்எஸ் தன் ஊழியர்களின் நிறத்தை வைத்து ஒவ்வொரு வருடமும் ஒரு கணக்கு வெளியிடுகிறது. 2020-க்குப் பிறகு வந்த கணக்குகளில், நேர்முகப் பட்டியல் வரை வந்தவர்களில் வெள்ளையருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். உங்கள் நேர்முகத்தில் நடந்தது இதுதான் என்று அந்தக் கணக்கு சொல்லாது. உங்களுக்கு வந்த சந்தேகம் வானத்திலிருந்து குதித்ததல்ல என்று மட்டும் சொல்லும். எனக்கு அது போதும். உங்களுக்கும் போதுமானதாக இருக்கட்டும்.

அந்த ஸ்வெட்டர். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அதுதான். திட்டு வாங்கினால் வலிப்பது யாருக்கும் புரியும். அன்பாகக் கொடுத்ததும் ஏன் கசக்கிறது? 1991-ல் அமெரிக்காவில் ஜெனிஃபர் கிராக்கர், பிரெண்டா மேஜர் முதலானவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கறுப்பின மாணவர்களிடம், பக்கத்து அறையில் இருக்கும் வெள்ளை மாணவர் உங்களை மதிப்பிடுகிறார் என்று சொன்னார்கள். சிலருக்கு நடுவிலிருந்த கண்ணாடியின் திரை திறந்திருந்தது, சிலருக்கு மூடியிருந்தது. திரை திறந்திருந்தவர்களுக்கு, அதாவது தங்கள் நிறம் அந்தப் பக்கம் தெரிகிறது என்று அறிந்தவர்களுக்கு, நல்ல மதிப்பீடு வந்தபோது தங்களைப் பற்றிய மதிப்பு உயரவில்லை, குறைந்தது. இது என் திறமைக்கு வந்த பாராட்டா, என் நிறத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டதா என்ற சந்தேகம் பாராட்டையும் தின்றுவிடுகிறது. சிறுபான்மையாக வாழ்வதில் பேசப்படாத செலவு இது. யார் திட்டினாலும் சந்தேகம், யார் கொஞ்சினாலும் சந்தேகம். பக்கத்து வீட்டு அம்மா உங்களை விரும்பினார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ‘நீ நல்லவ’ என்று சொல்லும்போது மற்றவர்களைக் கைவிட்டார் என்பதிலும் இல்லை. ஸ்வெட்டரை எறிய வேண்டாம், போட்டுவிடவும் வேண்டாம். பீரோவில் இருக்கட்டும்.

இனி அந்த வாட்ஸப் வீடியோ. அந்தச் சோதனை உண்மையாக நடந்ததுதான். ராபர்ட் கிளெக், ஆஞ்சலோ ஸ்ட்ரென்டா என்ற இருவர் 1980-ல் வெளியிட்டார்கள். தழும்பு இருக்கிறது என்று நம்பியவர்கள், எதிரில் இருந்தவர் தங்களிடம் இறுக்கமாக நடந்ததாகச் சொன்னார்கள். எதிர்பார்ப்பு பார்வையை வளைக்கும் என்பதற்கு நல்ல சான்று. இணையத்தில் இதை எடுத்துக்கொண்டு, புகார் சொல்கிற எல்லோரையும் வாயடைக்கப் பயன்படுத்துகிறார்கள். சோதனையில் இருந்தவர்களுக்குத் தழும்பு அழிக்கப்பட்டிருந்தது. உங்கள் நிறத்தை யாரும் பஞ்சால் துடைத்து அனுப்பவில்லையே! எதிரில் இருப்பவர் பார்க்க அங்கே ஒன்று நிஜமாகவே இருந்தது. அவர் அதைப் பார்த்து என்ன செய்தார் என்ற கேள்விக்கு அந்தச் சோதனையில் பதில் இல்லை. உங்கள் கணவரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அந்தச் சோதனையில் உங்களுக்கும் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அடிபட்டவர்கள் அடுத்த அடியை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எல்லா மீதிச் சில்லறையும் ஒன்றல்ல. கையில் கொடுக்காமல் போடுவதற்கு நம் ஊரில் ஒரு வரலாறு இருக்கிறது, அது உங்கள் உடம்புக்குத் தெரியும். ஆனால் கூட்டமான கடையில் யாருக்கும் கையில் கொடுக்க நேரம் இருக்காது. முன்னால் நின்றவருக்கும் மேசையில்தான் வைத்தார்களா என்று ஒரு தடவை பாருங்கள். வைத்தார்கள் என்றால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். வைக்கவில்லை என்றால் அது வேறு விஷயம், அதைப் பதிந்துகொள்ளுங்கள்.

உங்கள் கணவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஒரே ஊரில் இருந்தோம் என்கிறார். ஒரே வீட்டில் இருந்தீர்கள், அவ்வளவுதான். அவர் தன்னைப் போன்றவர்களோடு கிடங்கில் இருந்தார், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன்னால் இருந்தார். நீங்கள் நடு ராத்திரியில், பயந்து விழித்த அந்நியர்களின் உடம்பைத் தொட்டீர்கள். மனிதர்கள் எதையெல்லாம் ஒளித்து வைத்திருக்கிறார்களோ அது வெளியே வருகிற இடம் அது. இன்னொன்றும் உண்டு. 1990-ல் டொனால்ட் டெய்லர் என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் கனடாவின் மான்ட்ரியலில் குடியேறிய ஹைட்டி, இந்தியப் பெண்களிடம் கேட்டார்கள். எங்கள் கூட்டத்துக்குப் பாகுபாடு நடக்கிறது என்று சொன்னவர்களே, எனக்கு அவ்வளவாக நடக்கவில்லை என்றார்கள். ஊரோடு நடப்பதை ஒப்புக்கொள்வது சுலபம், தனக்கு நடந்ததை ஒப்புக்கொள்வது கஷ்டம். ஒப்புக்கொண்டால் மறுநாள் காலையில் அதே ஊரில் எழுந்து வேலைக்குப் போக வேண்டுமே. உங்கள் கணவர் டெல்லிக்குப் போகும் வரை சிறுபான்மையாக ஒரு நாள்கூட இருந்ததில்லை. கண்ணை மூடிக்கொள்வது அவர் கண்டுபிடித்த வழி. உங்களுக்கு அந்த வசதி சின்ன வயதிலிருந்தே கிடையாது. மேலூர்ப் பக்கத்து டீக்கடையில் முகத்தைப் பார்த்தே எதிரில் இருப்பவரின் நினைப்பைப் படிக்கக் கற்றவர் நீங்கள். இங்கிலாந்தில் அந்தப் படிப்பு உங்களுக்குத் தேவைப்பட்டது, தூக்கத்தையும் கெடுத்தது.

ஆனால் ‘நம்ம ஊர்ல இல்லாததா’ என்று அவர் கேட்பது நியாயமில்லை, அதைப் பூசி மெழுக மாட்டேன். நம் ஊரில் இருப்பதன் வலி உங்களுடையது. அதை எடுத்து உங்கள் வாயையே அடைக்க அவருக்கு உரிமை இல்லை. தன் அம்மா வீட்டு டம்ளரைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அங்கே மீன் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவருக்கு இங்கே என்ன வந்தது என்று கேட்க வேண்டியது மருமகள் வேலை இல்லை. மகன் வேலை.

பொங்கல் விழாவில் வயிறு இறுகியதும் வார்டில் இறுகியதும் ஒரே இடத்தில் என்று எழுதியிருந்தீர்கள். சாதியும் இனவாதமும் ஒன்றா என்று உலக அளவில் சண்டை நடந்திருக்கிறது. 2001-ல் டர்பனில் நடந்த ஐநா மாநாட்டில் சாதியைச் சேர்க்கக் கூடாது என்று இந்திய அரசும், சேர்க்க வேண்டும் என்று தலித் அமைப்புகளும் மோதின. மறு வருடம் ஐநாவின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்பை வைத்துச் செய்யும் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று எழுதியது. வயிறு இந்த மாநாட்டுக்கெல்லாம் காத்திருப்பதில்லை. எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான். நிறத்தை யாரும் கேட்க வேண்டியதில்லை, தூரத்திலேயே தெரிந்துவிடும். சாதி கேட்டால்தான் தெரியும், அதனால்தான் நம் ஆட்கள் கடல் தாண்டியும் ‘மேலூர்ல யாரு’ என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள். முதல் வருடம் அங்கே உங்களுக்குக் கிடைத்த நிம்மதி பொய்யில்லை. ஒரு பாரம் இறங்கியிருந்தது. இன்னொன்று ஏறக் கொஞ்ச நாள் ஆனது.

மகள் விஷயத்தில் அவசரம் உண்டு. ‘நிறமெல்லாம் ஒண்ணுமில்லடா, எல்லாரும் ஒண்ணுதான்’ என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். ஒண்ணுமில்லாததற்கு அவள் ஏன் கையைத் தேய்த்தாள்? அந்தப் பையன் சொன்னது தப்பு, அது அவனிடம் உள்ள கோளாறு, உன் கையில் இல்லை என்று அவள் கேட்டது தமிழானால் தமிழில், ஆங்கிலமானால் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். டயேன் ஹியூஸும் அவருடன் சேர்ந்தவர்களும் 2006-ல் இந்தத் துறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தன் மக்களைப் பற்றிய பெருமையோடு வளர்கிற பிள்ளைகள் பொதுவாக நன்றாக நிமிர்கிறார்கள். ‘அவங்களை நம்பாதே’ என்று மட்டும் கேட்டு வளர்கிறவர்களுக்கு அது நல்லது செய்வதில்லை. ஆகவே உங்கள் ராத்திரிப் பயங்களை அவள் முன்னால் பேச வேண்டாம். உங்கள் அப்பா அம்மா எப்படி உங்களை நர்சிங் படிக்க வைத்தார்கள் என்பதைப் பேசுங்கள்.

காதுகுத்து வீட்டு அத்தைகளுக்கும் பதில் தேவை, அதுவும் பிள்ளையின் காதில் விழும்படி. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்புக்குச் சந்தனம் சாத்திக் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கருப்பு என்று இளக்காரம் பேசுகிற ஊர் நம்முடையது. சிவப்பழகு கிரீம் விற்ற கம்பெனியே 2020-ல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற பெயரை மாற்றிக்கொண்டது, நம் சித்தப்பா பெரியம்மாக்கள் இன்னும் மாற்றவில்லை. “எங்க பிள்ள வெளுக்கறதுக்குப் போகல, படிக்கப் போனா” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். சண்டை வேண்டாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும்.

போவதா, இருப்பதா? உங்கள் மகள் கேட்ட ஊர் இருக்கிறதா என்று தேடினால் கெடு முடிந்துவிடும், ஊர் கிடைக்காது. நான் கேட்பது வேறு: ஒன்று நடந்தால் யாரிடம் சொல்லலாம், சொன்னால் என்ன நடக்கும்? அந்தக் கணக்கில் இங்கிலாந்து அவ்வளவு மோசமில்லை. 2010-ல் வந்த சமத்துவச் சட்டத்தில் நிறம், தேசம், இன மூலம் எல்லாம் வருகிறது. 2020 ஏப்ரலிலிருந்து, ஊழியரிடம் இனவெறியோடு நடக்கிற நோயாளிக்கு அவசரமில்லாத சிகிச்சையை மறுக்க என்எச்எஸ் ஆஸ்பத்திரிகளுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். தன் சுயநினைவோடு பேசுகிறவர்களுக்குத்தான், அந்தப் பெரியவருக்கு அல்ல. நர்சுகளுக்குச் சங்கங்கள் இருக்கின்றன. நீங்கள் அங்கே இருந்தபோது ஒரு சங்கத்திலும் சேர்ந்ததாகவோ, ஒரு புகாராவது எழுத்தில் கொடுத்ததாகவோ கடிதத்தில் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள், விசாவை நினைத்து வாயை மூடிக்கொள்கிறார்கள். இப்போது உங்களிடம் நிரந்தர அனுமதி இருக்கிறது, நிலைமை அன்று போல இல்லை.

போவதானால் அதே ஊருக்கும் அதே வார்டுக்கும் போகக் கட்டாயமில்லை. நர்சுகளில் பாதிப் பேராவது வெளிநாட்டிலிருந்து வந்தவர்களாக இருக்கிற பெரிய நகரத்து ஆஸ்பத்திரி, நைட் ஷிப்ட் குறைந்த பிரிவு, மகள் வகுப்பில் அவள் ஒருத்தி மட்டும் தனி நிறமாக இல்லாத பள்ளி, இதையெல்லாம் நீங்கள் கேட்டு வாங்கலாம். கணவர் அவசரப்படுகிறார் அல்லவா, இந்த விசாரணை முழுவதையும் அவரே செய்யட்டும். போகாமல் இருப்பதானால் மதுரையில் மறுபடி வேலைக்குப் போங்கள். வீட்டிலேயே இருப்பதுதான் இரண்டு மணி வரை பழையதை ஓட்ட இடம் கொடுக்கிறது என்று தோன்றுகிறது. எதுவானாலும் உங்கள் நர்சிங் பதிவு காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால்தான் எந்தப் பக்கமும் போக முடியும்.

தூக்கத்துக்கு: ஒரு நோட்டு வாங்குங்கள். என்ன நடந்தது, யார் இருந்தார்கள், நான் என்ன செய்தேன் என்று ஒவ்வொரு சம்பவத்தையும் நாலு வரியில் எழுதுங்கள். இனவாதமா இல்லையா என்ற வரி மட்டும் வேண்டாம். சாயங்காலம் எழுதுங்கள், படுக்கையில் வேண்டாம். எழுதி முடித்த பிறகும் இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பவில்லை, படபடப்பு குறையவில்லை என்றால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். நர்ஸ் என்பதால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற கூச்சம் வரும், இருந்தாலும் போங்கள். நடு ராத்திரியில் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

ஆலோசனைக்குப் போகும்போது, முடிந்தால் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ‘எனக்கு என்ன பிரச்சினை, நான் எதுக்கு?’ என்றுதான் கேட்பார். பிரச்சினை ஒன்றும் இல்லை, சாட்சி சொல்ல வாங்க என்று சொல்லிக் கூட்டிப்போங்கள்.